செம்பனையும் ரப்பர் விதையும்: உயிரி டீசலை மதிப்பிடும் முறை

ஈப்போவின் புறநகர்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் டீசல் பேருந்தின் தொட்டியில் இருப்பது முழுவதும் நிலத்தடி எண்ணெய் அன்று. அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு செம்பனைப் பழத்திலிருந்து வந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஓடும் சரக்குந்துகளுக்கும் இது பொருந்தும். நம்முள் பலர் அறியாமலே, பல ஆண்டுகளாக இந்தக் கலவை எரிநெய்யைப் பயன்படுத்தி வருகிறோம்.

மாற்று எரிபொருள் என்றவுடன் வருங்காலத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். பேராக்கில் வாழும் நமக்கு அது நிகழ்காலச் செய்தி. நம் குடும்ப வரலாற்றோடு தொடர்புடைய செய்தியும்கூட. நம் பாட்டன் பாட்டியர் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று நிற்பது செம்பனையே. எனவே, உயிரி டீசல் என்பது யாது, அஃது எவ்வாறு ஆக்கப்படுகிறது, நம் ஊர்திகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பவற்றை முதலில் விளக்குவோம். பின்னர், அதனை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்னும் வினாவிற்கு வருவோம்.

சொல்லும் பொருளும்

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1890களில் உருவாக்கிய இயந்திரம் காற்றைக் கடுமையாக அழுத்திச் சூடேற்றுகிறது. அந்தச் சூடான காற்றில் எண்ணெயைத் தூவினால் அது தானே பற்றி எரிகிறது. பெட்ரோல் இயந்திரத்திற்குத் தேவைப்படும் மின்பொறி இதற்குத் தேவையில்லை. இவ்வமைப்பினால் பலவகை எண்ணெய்களையும் ஏற்கும் இயல்பு இதற்கு உண்டு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் சிறிய டீசல் இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயைக் கொண்டு இயக்கிக் காட்டப்பட்டது.

எனினும், தாவர எண்ணெயை அப்படியே நெடுநாள் பயன்படுத்த இயலாது. அதன் பாகுத்தன்மை டீசலைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. கெட்டியான எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறாமல், அரைகுறையாக எரிந்து கரியாகப் படியும். இதற்குத் தீர்வு 1937இல் பெல்ஜியத்தில் கிடைத்தது. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் தாவர எண்ணெயை எஸ்டராக மாற்றி எரிபொருளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டில், செம்பனை எண்ணெயின் எஸ்டரைக் கொண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேன் நகருக்கும் இடையே ஒரு பேருந்து ஓட்டிப் பார்க்கப்பட்டது. தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகியவற்றிலிருந்து இவ்வாறு பெறப்படும் எஸ்டரையே உயிரி டீசல் என்கிறோம். தாவர எண்ணெய் வேறு, உயிரி டீசல் வேறு என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

எண்ணெய் எரிநெய் ஆகும் விதம்

எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு கிளிசரால் தண்டும், அதனோடு பிணைந்த மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளும் உள்ளன. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தை வினையூக்கியாகக் கொண்டு, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெயை மெத்தனாலோடு கலக்கினால், மூன்று சங்கிலிகளும் தண்டிலிருந்து பிரிந்து மெத்தனாலோடு இணைகின்றன. அவ்வாறு இணைந்தவையே மெத்தில் எஸ்டர்கள். தனித்த கிளிசரால் அடியில் தங்குகிறது. மேலே நிற்கும் எஸ்டரை வடித்து, கழுவி, நீர் நீக்கினால் உயிரி டீசல் கிடைக்கிறது.

ஏறத்தாழ 1000 கிலோ எண்ணெயும் 110 கிலோ மெத்தனாலும் சேர்ந்து 1000 கிலோ உயிரி டீசலையும் 100 கிலோ கிளிசராலையும் தருகின்றன. கிளிசரால் சவர்க்காரம், மருந்து, ஒப்பனைப் பொருள்கள் செய்யப் பயன்படும். மெத்தனாலோ பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே பெறப்படுகிறது. ஆதலால் உயிரி டீசல் முழுக்க முழுக்கச் செடியிலிருந்து வந்தது என்று கூறுதல் பொருந்தாது.

ஊர்திகளில் அதன் இயல்பு

நம் வீட்டு மகிழுந்துகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடுபவை. அவற்றில் உயிரி டீசலை ஊற்றலாகாது. பேருந்து, சரக்குந்து, டிராக்டர், தோட்டங்களில் ஓடும் நான்கு சக்கர இயக்க ஊர்தி முதலியவற்றிற்கே அது உரியது.

உயிரி டீசலின் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு ஆக்சிஜன். ஆதலால் அது நன்கு எரிந்து, புகையையும் கார்பன் மோனாக்சைடையும் குறைக்கிறது. கந்தகம் அதில் இல்லை என்றே கூறலாம். இயந்திர உறுப்புகள் தேயாமல் உயவுத் தன்மையும் தருகிறது. குறைகளும் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுகள் சிறிது கூடலாம். எடைக்கு எடை நோக்கினால் டீசலைவிட ஏறத்தாழப் பத்து விழுக்காட்டிற்கும் சற்று மேல் ஆற்றல் குறைவு. பத்து விழுக்காட்டுக் கலவையில் இவ்வேறுபாடு ஒரு விழுக்காட்டளவே. ஓட்டுநர் அதனை உணர்வது அரிது. பழைய தொட்டியில் படிந்த அழுக்கை உயிரி டீசல் கரைத்து இழுத்து வருவதால், தொடக்கத்தில் வடிகட்டி அடைத்துக் கொள்ளலாம். நீரை ஈர்க்கும் இயல்பினால் நெடுநாள் தேக்கி வைத்தலும் நன்றன்று.

செம்பனைக்கே உரிய ஒரு குறை குளிரில் வெளிப்படும். சமையலுக்குப் பயன்படும் செம்பனை எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது வெண்மையாக உறைவதை மாணவர்கள் கண்டிருப்பர். அவ்வெண்ணெயில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதில் பெரும்பகுதி பால்மிட்டிக் அமிலம். அதன் எஸ்டரும் 15 பாகையை ஒட்டிய குளிரில் மங்கத் தொடங்கும். ஈப்போவில் அவ்வளவு குளிர் இல்லை. சிம்பாங் பூலாய் வழியாகவோ தாப்பா வழியாகவோ கேமரன் மலைக்கு ஏறும் காய்கறிச் சரக்குந்துக்கு நிலைமை வேறு. நாடெங்கும் பத்து விழுக்காட்டுக் கலவை வந்தபோதும், கேமரன் மலை, கெந்திங், குண்டாசாங் ஆகிய மேட்டு நிலங்களில் ஏழு விழுக்காட்டுக் கலவையே தொடர்ந்ததற்குக் காரணம் இதுவே.

மலேசியாவின் பட்டறிவு

மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் 1980களின் தொடக்கத்தில் இத்துறையில் இறங்கி, 1985இல் ஒரு முன்னோடி ஆலையை நிறுவியது. பேருந்துகள், வாடகை ஊர்திகள், சரக்குந்துகள் ஆகியவற்றில் நெடுந்தொலைச் சோதனைகள் நடைபெற்றன. அக்கழகமே 2000ஆம் ஆண்டில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் பகுதியாயிற்று.

2006இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை அறிவிக்கப்பட்டபோது, முதலில் தேர்ந்துகொள்ளப்பட்டது எஸ்டர் அன்று. பதப்படுத்திய செம்பனை எண்ணெயை அப்படியே ஐந்து விழுக்காடு கலக்கும் முறையாகும். இயந்திரம் செய்வோர் அதற்கு உத்தரவாதம் தர முன்வரவில்லை. ஆகவே அம்முயற்சி கைவிடப்பட்டு, மெத்தில் எஸ்டர் கலக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. மேலே கண்ட வேதியியல் வேறுபாடு ஒரு நாட்டின் கொள்கையையே மாற்றியது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டலாம். 2011இல் ஐந்து விழுக்காட்டுக் கலவை புத்ராஜெயாவை உள்ளிட்ட மத்தியப் பகுதியில் தொடங்கியது. 2014இன் இறுதியில் அது ஏழு விழுக்காடாகவும், 2019இல் போக்குவரத்துத் துறையில் பத்து விழுக்காடாகவும் உயர்ந்தது. இருபது விழுக்காட்டுக் கலவை 2020இல் லங்காவியில் தொடங்கப் பெற்றது.

நிலத்தின் கணக்கு

உயிரி டீசல் இயந்திரத்திற்குப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. அதற்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்பதே அடுத்த வினா. ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு பள்ளிப் பேருந்து நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடுவதாகவும், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் செல்வதாகவும், ஆண்டில் 200 பள்ளி நாள்கள் எனவும் கொள்வோம். அதற்கு ஆண்டுக்கு 5000 லிட்டர் எரிநெய் வேண்டும். மலேசியாவில் ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டன் எண்ணெய் தருகிறது; அதாவது 3400 லிட்டர் அளவு உயிரி டீசல். எனவே அந்த ஒரு பேருந்தை உயிரி டீசலால் மட்டுமே ஓட்ட ஏறத்தாழ ஒன்றரை ஹெக்டர் தோட்டம் தேவை. எண்ணெய் விதைப் பயிர்களுள் மிகுந்த விளைச்சல் தரும் செம்பனைக்கே இந்நிலை. சோயாவைக் கொண்டால் இதைப்போல் பல மடங்கு நிலம் வேண்டும். நாட்டின் எல்லா டீசல் ஊர்திகளையும் எண்ணிப் பார்ப்பின், கலவையின் விழுக்காடு ஏன் மெல்ல உயர்கிறது என்பது விளங்கும்.

அந்நிலம் முன்பு எதுவாக இருந்தது என்பதும் முதன்மையானது. எரியும்போது வெளியேறும் கரியமில வாயு, செடி வளரும்போது காற்றிலிருந்து ஈர்த்ததே. ஆனால் காட்டை அழித்தோ, கரிமண் சதுப்பை வடித்தோ நட்டால், அந்த இழப்பை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் செல்லும். இக்காரணம் காட்டியே ஐரோப்பிய ஒன்றியம் செம்பனை உயிரி டீசலை 2030க்குள் தன் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கணக்கிலிருந்து படிப்படியாக விலக்க முடிவு செய்தது. மலேசியா 2021இல் இவ்வழக்கை உலக வணிக அமைப்பிடம் கொண்டு சென்றது. 2024இல் வெளியான குழுவின் அறிக்கை, அத்தகைய வரம்பை விதிக்க ஒன்றியத்திற்கு உரிமை உண்டு என ஏற்றபோதும், அதனை நடைமுறைப்படுத்திய முறையில் குறைகளைச் சுட்டியது. பழைய ரப்பர்த் தோட்டத்தில் செம்பனை நடுவதையும், காட்டை வெட்டி நடுவதையும் ஒன்றாகக் கருதுதல் நேர்மையன்று. பேராக்கின் வரலாறு இவ்வேறுபாட்டை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

1877இல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் எழுந்த தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகள் உழைத்தனர். 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களே நிலம் வாங்க வழி கண்டார். அதன்பின் ரப்பர் படிப்படியாகச் செம்பனைக்கு இடம் விட்டது. பால் வெட்டுதல் விடியற்காலை தோறும் கைகளைக் கேட்கும் வேலை. செம்பனைக் குலையோ பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுவடையாகும். வேலைக்கான ஆட்கள் குறைந்தனர், லயங்கள் வெறுமையாயின, பல தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சுருங்கியது. ஓர் எரிபொருள் தூயது என்று கூறுமுன், அதன் நிலத்தில் யார் வாழ்ந்தனர், இன்று யார் உழைக்கின்றனர், ஊதியம் யாரைச் சேர்கிறது என்பனவற்றையும் கேட்க வேண்டும்.

கீழே கிடக்கும் விதை

புதிய நிலம் கேளாத எண்ணெய் உண்டா? ரப்பர் விதையை எண்ணிப் பார்க்கலாம். தோட்டத்தில் வளர்ந்தோர் வெயிலில் ரப்பர்க் காய் வெடித்துச் சிதறும் ஓசையையும், அந்தப் புள்ளி போட்ட கொட்டைகளைப் பொறுக்கி விளையாடியதையும் மறவார். அப்பருப்பின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு எண்ணெய். சயனைடு தரும் நச்சுப்பொருள் பச்சைப் பருப்பில் இருப்பதால் அஃது அப்படியே உணவாவதில்லை. உணவோடு போட்டியிடும் சிக்கலும் இல்லை. அதன் எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பே மிகுதி. எனவே குளிரில் எளிதில் உறையாது. பேராக்கின் ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரப்பர் விதை எண்ணெயையும் செம்பனை எண்ணெயையும் கலந்து, குளிரைத் தாங்கும் தன்மையை மேம்படுத்தும் ஆய்வை 2010இல் வெளியிட்டனர். நம் மாநிலத்தின் இரு பயிர்கள் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன.

இடர்ப்பாடுகளும் உண்டு. தரையில் கிடக்கும் விதையின் எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் விரைவில் பெருகும். அதனைக் காரத்தோடு சேர்த்தால் எரிநெய்க்கு மாறாகச் சவர்க்காரமே உண்டாகும். ஆகவே முதலில் கந்தக அமிலத்தைக் கொண்டும், பின்னர்க் காரத்தைக் கொண்டும் இரு படிகளில் செய்ய வேண்டும். விதையோ ஆண்டில் சில மாதங்களே உதிரும். பொறுக்க ஆட்கூலியும் மிகும். இத்தகைய இடர்களை எண்ணாமல் விரைந்தால் நேர்வதை இந்தியாவின் காட்டாமணக்குத் திட்டம் காட்டுகிறது. 2017க்குள் இருபது விழுக்காட்டுக் கலவை என 2009ஆம் ஆண்டுக் கொள்கை கூறியது. விளைச்சல் எதிர்பார்த்தபடி அமையாமையால் அவ்விலக்கு எட்டப்படவில்லை.

பயன்படுத்திய சமையல் எண்ணெய் இதனினும் எளிய மூலப்பொருள். ஓர் உணவகம் வாரம் 10 கிலோ பழைய எண்ணெயைச் சேர்த்தால், ஆண்டுக்கு 500 லிட்டருக்குக் குறையாத உயிரி டீசல் கிடைக்கும். முன்னர்க் கணக்கிட்ட பள்ளிப் பேருந்தின் பத்து விழுக்காட்டுக் கலவைக்கு அது போதும். அதே எண்ணெய் கால்வாயில் ஊற்றப்பட்டால் கிந்தா ஆற்றைத்தான் சென்று சேரும். வீட்டில் காய்ச்சி ஊர்தியில் ஊற்றிப் பார்க்கும் முயற்சி மட்டும் வேண்டா. மெத்தனால் நஞ்சு, எளிதில் தீப்பற்றுவது. சேர்த்து உரியவரிடம் தருவதே நம் பங்கு.

முடிவாக, உயிரி டீசல் நல்ல எரிபொருள்; ஆயினும் தனித்து நின்று எல்லா ஊர்திகளையும் ஓட்டவல்லது அன்று. எந்த எண்ணெய், எந்த நிலத்தில், யாருடைய உழைப்பால் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை பெற்ற பின்னரே அதனை மதிப்பிடல் வேண்டும். இவ்வினாக்களை வேறு எந்த எரிபொருளுக்கும் எழுப்பலாம். மின்னூர்தியின் மின்கலத்திற்கும் எழுப்பலாம். தோட்டப்புற வரலாற்றை வீட்டிலேயே கேட்டு வளரும் நம் மாணவர்களுக்கு இவற்றைக் கேட்கும் தகுதி மிகுதியாக உண்டு. அவ்வரலாற்றை வேதியியல் வகுப்புக்குள் கொண்டு வருமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.