வீடுகள் போன இடத்தில் நிற்கும் கல்லறைகள்

ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று தெற்கே போகிறவர்களுக்கு இந்தப் பக்கமெல்லாம் நேற்று முளைத்த ஊர்கள் என்றுதான் தோன்றும். வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்ககங்களானதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ஆனால் இதே சாலையோரத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடுகாடுகள் கிடக்கின்றன. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை ஒட்டியே அப்படி ஓர் ஈமக்காடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. திருச்சி பஸ்ஸுக்கும் மதுரை பஸ்ஸுக்கும் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியாது.

பாழடைந்த பழைய வீடு, அதன் கொல்லைப்புறத்தில் அந்தக் குடும்பத்தின் கல்லறைகள் என்று கதைகளில் படித்திருப்போம். சென்னையின் தென்புறத்தில் அதில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. கல்லறைகள் உண்டு. வீடுகளைக் காணோம். எத்தனையோ தலைமுறை இங்கே சமைத்து, உழுது, பிள்ளை பெற்று வளர்த்த மனிதர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்குத் தரைக்கு மேல் ஓர் அடையாளமும் இல்லை. செத்தபின் அவர்களை வைத்த இடம் மட்டும் அசையாமல் நிற்கிறது.

முதல் பார்வையில் அது கல்லறை என்றே படாது. காரையும் களாவும் வேலிக்காத்தானும் மண்டிய மேட்டு நிலத்தில் முழங்கால் உயரத்துக்குச் சில கற்கள் பாதி புதைந்து கிடக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்தான் அவை ஒரு வட்டமாக வைக்கப்பட்டவை என்று தெரியும். கிராமத்தில் கேட்டால் பாண்டவர் குழி என்பார்கள், தொல்லியலாளர் கல்வட்டம் என்பார்கள். ஒரு கல் ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துப் பாறை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 டன் எடை இருக்கும். ஆக அந்த ஒரு கல்லே ஒரு டன். அப்படி இருபது கல் சேர்ந்தால்தான் நடுத்தரமான ஒரு வட்டம். ஊரே கூடி இழுத்திருந்தால் ஒழிய அவை குன்றடியிலிருந்து நகர்ந்திருக்காது. ஆகவே இறந்தவர் யார் என்று தெரியாவிட்டாலும், அவருக்காகத் தோள் கொடுக்க ஓர் ஊர் இருந்தது என்பது மட்டும் உறுதி.

வட்டத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை 1880களில் பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ தோண்டிக் காட்டினார். பின்னாளில் ஆதிச்சநல்லூரை விரிவாக அகழ்ந்தவரும் அவரே. பல்லாவரம் குன்றுப் பக்கத்தில் அவருக்குக் கிடைத்தவை சுடுமண் ஈமப்பேழைகள். மாட்டுத் தொட்டி போல நீண்டு, முனை மழுங்கிய பேழை. அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். மேலே கவிந்த மூடி. தென்னகத்தின் மற்ற பல பகுதிகளில் தாழிதான் அதிகம். பாலாற்றுக்கு வடக்கும் தெற்குமாக இந்தத் தொண்டை நாட்டுப் பகுதியில்தான் கால் வைத்த பேழை இவ்வளவு பரவலாகக் கிடைக்கிறது. கடப்பைப் பக்கம் சங்கவரத்தில் ஆட்டுத் தலையுடன் ஒரு பேழை கிடைத்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஈமப்பேழைகளை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும்.

நான் அவற்றில் அதிகம் வியப்பது குயவரின் கைத்திறமையை. மனிதன் கிடக்கும் நீளத்துக்கு ஒரு மண்பாண்டத்தைச் செய்வது சாதாரணமல்ல. களிமண் காயும்போது சுருங்கும். மேற்பகுதி முதலில் காய்ந்து சுருங்க, உட்பகுதி ஈரத்தோடு விரைத்து நிற்க, இடையில் பாண்டம் வெடித்துவிடும். சுவர் தடிமனாக ஆக இந்த ஆபத்து கூடும். அதற்கு அவர்கள் கண்ட வழி, களிமண்ணோடு உமியையும் வைக்கோல் துணுக்கையும் பிசைவது. காயும்போது உமி வழியாக ஈரம் மெல்ல வெளியேறும். சூளையில் வேகும்போது உமி எரிந்துபோய் நுண்துளைகள் மிஞ்சும். எங்காவது சிறு விரிசல் கிளம்பினால் துளையில் வந்து நின்றுவிடும், மேலே ஓடாது. அந்தக் குட்டைக் கால்களுக்கும் குயவரின் காரணம் இருந்திருக்கலாம்: அடியில் இடைவெளி இருந்தால்தான் அனல் கீழேயும் புகுந்து பேழை ஒரே சீராக வேகும்.

பேழையைச் சுற்றிக் கிடைக்கும் கருப்பு-சிவப்புக் கலங்களும் அதே அறிவின் விளைவு. உட்புறமும் விளிம்பும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கவிழ்ந்த வாய்க்குள் காற்றுப் புகாததால் கரி உள்ளே ஏறிக் கறுத்தது. வெளியே காற்று தாராளமாகக் கிடைத்ததால் மண்ணிலிருந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. ஒரே நெருப்பு, ஒரே மண், இரண்டு நிறம்.

இனி எலும்புக்கு வருவோம். பேழையைத் திறந்ததும் முழு எலும்புக்கூடு படுத்திருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் சில எலும்புகள்தான் இருக்கும். உடலை முதலில் வேறெங்காவது கிடத்தியோ புதைத்தோ விட்டு, தசை போன பிறகு எலும்புகளைப் பொறுக்கி வந்து பேழையில் வைக்கும் வழக்கம் அன்று இருந்தது. அதாவது இறந்தவரை உறவினர் இரண்டு தடவை வழியனுப்பினார்கள். சில எலும்பு மட்டும் மிஞ்சுவதற்கு மண்ணும் ஒரு காரணம். எலும்பின் கடினப் பகுதி கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. தாம்பரம் பக்கத்துச் செம்மண்ணும் செம்பூரான் கல் கரைந்த மண்ணும் அமிலத் தன்மை உடையவை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் அந்த மண் வழியாக இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பைக் கரைத்துவிடுகிறது. வெப்பமும் நுண்ணுயிரும் மீதியை முடிக்கின்றன. நம் ஊர் எலும்புகளிலிருந்து மரபணு எடுப்பது சிரமமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

பல்லின் எனாமல் மட்டும் பிடிவாதக்காரன். அதில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம்தான். சிறுவயதில் அது உருவாகும்போது குடித்த தண்ணீரிலும் தின்ற சோற்றிலும் இருந்த ஸ்ட்ரான்ஷியம் அதில் பதிந்துவிடும். அந்தத் தனிமத்தின் ஐசோடோப்பு விகிதம் அடியிலுள்ள பாறையைப் பொறுத்து நிலத்துக்கு நிலம் மாறும். ஆகவே நல்ல நிலையில் ஒரு கடைவாய்ப்பல் கிடைத்தால், அந்தப் பல்லுக்குரிய பெண் இங்கேயே பிறந்தவளா, வேறு பாறை நிலத்தில் வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவளா என்று கேட்டுப் பார்க்கலாம். புறநானூற்றில் ஒரு பெண் குயவனிடம், கணவனுக்கு வனையும் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். ஒரே கல்வட்டத்துக்குள் யார் எங்கிருந்து வந்து சேர்ந்தார் என்று யோசிக்க நமக்கு இப்போது பல்லும் பாட்டும் இரண்டுமே கிடைத்திருக்கின்றன.

வட்டமிட்டு நிற்கும் கற்களுக்கும் தனியாக ஒரு வரலாறு உண்டு, அதுவும் ஒரு குடும்பக் கல்லறை வழியாகத்தான் உலகுக்குத் தெரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 1693 ஜனவரியில் கல்கத்தாவில் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் சென்னையில் இருந்தபோது, 1689இல், கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் அவருடைய மூன்று மகள்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மருமகன் சார்லஸ் அயர் அவருக்குக் கல்கத்தாவில் கல்லறை மாடம் கட்டினார். பிறகு மகளின் பெயரும் அங்கே சேர்ந்தது. கல்லறைப் பலகைக்கான கல் கப்பலில் சென்னையிலிருந்து போனது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தப் பலகையை ஆராய்ந்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டு, சார்னாக் பெயரால் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று அண்டார்டிகாவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இந்த வகைப் பாறையைப் பார்க்கும் நிலவியலாளர்கள் சொல்லும் பெயர், பல்லாவரம் பக்கத்துக் கல்லுக்கு இடப்பட்டதுதான்.

புதிதாக உடைத்த சார்னோக்கைட் துண்டைக் கையில் வைத்துப் பாருங்கள். கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு, நடுநடுவே நீலச் சாயலில் குவார்ட்ஸ். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குக் கீழே இருபது கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர் மிகக் குறைவாக இருந்த சூழலில் உருவானது. மேலிருந்த அத்தனை பாறையும் அரித்துப் போனபின் வெளியே தலைகாட்டியது. நீர் சேர்ந்த கனிமங்கள் அதில் குறைவு, மணிகள் இறுகப் பிணைந்தவை; அதனால் எளிதில் உதிராது. மாமல்லபுரத்துச் சிற்பியும் இவ்வகைக் கல்லில்தான் உளி பிடித்தார். இந்த வட்டங்களை அமைத்த இரும்புக் கால மக்களுக்கு நிலவியல் தெரியாது, ஆனால் எந்தக் கல் நிலைக்கும் என்று தெரிந்திருந்தது.

வீட்டுக்கு அந்தக் கல்லை அவர்கள் எடுக்கவில்லை. மண்சுவர், மூங்கில், பனையோலை இவைதான் வீடு. கூரை மாற்ற ஆளில்லாமல் போனால் இரண்டு மூன்று மழையில் சுவர் கரையும். கரையான் மூங்கிலைத் தின்னும். மிஞ்சுவது கம்பம் நட்ட குழிகளும் மிதித்து இறுகிய தரையும்தான். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் வாழிடமும் ஈமக்காடும் அருகருகே இருந்ததால் அங்கே அந்தக் கம்பக்குழிகளையே அகழ்ந்தெடுக்க முடிந்தது.

இங்கே சிக்கல் வேறு. விளையாத மேட்டையும் குன்றடியையும் இறந்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, தண்ணீர் தேங்கும் தாழ்வான நல்ல நிலத்துப் பக்கம் அவர்கள் குடியிருந்திருப்பார்கள். அதே தண்ணீருக்காக அடுத்த நூற்றாண்டுக்காரரும் அங்கேயே குடியேறினார், அதற்கடுத்தவரும். ஆக அந்த வீடுகள் தொலைந்த இடம் பெரும்பாலும் நம் கிராமங்களின் நத்தம்தான் என்பது என் கணிப்பு. ஏரிக்கரையோரம் சற்றே மேடாக, பழைய ஓடுகள் கிடக்கும் நத்தமேடுகளைத் தொல்லியலாளர்கள் தேடித் தேடிப் பார்ப்பது இதனால்தான்.

சுவர் கரைந்தாலும் கரையாத ஒன்றை வீடு விட்டுச் செல்கிறது: பாஸ்பரஸ். அடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணம், எறிந்த எலும்பு, கொட்டிய எச்சில் எல்லாவற்றிலும் அது உண்டு. செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொண்டால் மழையாலும் கழுவ முடியாது. 1930 வாக்கில் சுவீடனில் ஓலோஃப் அர்ரேனியஸ், சர்க்கரைப் பீட்ரூட் பயிரிடுவதற்காக மண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாஸ்பேட் மிகுந்த இடங்களில் பழைய குடியிருப்புகள் இருந்திருப்பதை அப்போது கண்டறிந்தார். கல்வட்டங்களைச் சுற்றியுள்ள காலி நிலத்தில் பத்து மீட்டருக்கு ஒரு பிடி மண் எடுத்து இதே சோதனையைச் செய்தால், தொழுவம் எங்கே, அடுப்படி எங்கே என்று ஒரு வரைபடம் மெல்லத் தெளியும். செலவு அதிகமில்லாத வேலை. காலி நிலம்தான் நாளுக்கு நாள் குறைகிறது.

பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பட்டியலில் வராத வட்டங்களுக்கு அந்தக் காவல் கிடையாது. ஒரு டன் கல்லைப் புரட்ட அன்று ஊர் திரள வேண்டியிருந்தது; இன்று ஜே.சி.பி.க்கு ஒரு நிமிடம் போதும்.

ஆகவே தாம்பரத்துக்குத் தெற்கே அஸ்திவாரம் தோண்டும் எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கடப்பாரையில் இரண்டு விரல் தடிமனுள்ள சிவந்த ஓடு தட்டுப்பட்டால், அதில் கால் போன்ற துண்டு ஒட்டியிருந்தால், வேலையை நிறுத்துங்கள். மண்ணுக்கடியில் கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் செய்தி போய்ச் சேரும். பேழையைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு மண்ணாகக் கிடந்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அந்த மண்ணைக் கொட்டிவிடாமல் ஆராய்ந்து பார்த்ததால்தான் அது தெரிய வந்தது.