‘என்ன ஆளுங்க?’ என்று கதையிடமும் கேட்கலாமா?

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கிராம நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாணவர்கள் சிலர் கூடி நாவல் படிக்கிறார்கள். போன மாதம் நம்மையும் அழைத்திருந்தார்கள். அன்று எடுத்துக்கொண்ட நாவல் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’. பேச்சு தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “சார், அந்த சரோஜா என்ன ஆளுங்க?”

நாமும் யோசிக்காமல் பதில் சொல்லத் தொடங்கிவிட்டோம். அவள் நிறம், வளர்ந்த தெரு, வீட்டார் செய்த தொழில் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, “இதையெல்லாம் பார்த்தால் இந்தச் சாதியாகத்தான் இருக்க வேண்டும்” என்றோம். பையன்கள் தலையாட்டினார்கள். சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி மட்டும் அதற்குப் பிறகு கடைசி வரை வாய் திறக்கவில்லை.

கூட்டம் முடிந்து பேருந்துக்கு நின்றபோது அவரே வந்து பேசினார். “எங்க அப்பா ஊர்ல, அம்மா காலனியில பிறந்தவங்க சார். ரெண்டு பேரும் சிப்காட் கம்பெனியில வேலை பார்த்தப்போ கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அப்பா வழி ஆயா வீட்டுக்குப் போனா, என் மூஞ்சியப் பார்த்துட்டு, ‘இது யாரு ஜாடை?’ன்னு கேப்பாங்க. இன்னைக்கு நீங்க சரோஜாவைப் பத்திப் பேசினதும் அப்படியேதான் இருந்துச்சு.”

நமக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

நாவலே விட்டுவைத்த இடம்

‘பூக்குழி’யைப் படித்தவர்களுக்குத் தெரியும். குமரேசன் சோடாக் கடையில் வேலை செய்யப் போன ஊரில் சரோஜாவைக் காதலித்து, மணம் முடித்துத் தன் கிராமத்துக்கு அழைத்து வருகிறான். மாமியார் முதல் ஊர்க் கவுரவம் பேசுபவர்கள் வரை எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இவள் என்ன சாதி? அவளுடைய வெளுத்த நிறமே அவர்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. கதை அவள் கருவுற்றிருக்கும்போது நெருப்பில் போய் முடிகிறது. நாவலோ கடைசி வரை அவள் சாதியின் பெயரைச் சொல்வதில்லை.

பெயரைச் சொல்லாமல் விட்டதில்தான் நாவலின் வேலை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வாசகர், தனக்குத் தெரியாமலே அந்த ஊர்க்காரர்களோடு போய் நின்றுவிடுகிறார். அன்று நூலகத்தில் நாம் செய்தது அதுதான். தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்த நாவல், அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசு நெடும்பட்டியலில் இடம்பெற்றது. உலகமே படிக்கிற கதையை நாம் சாதிச் சான்றிதழ் கேட்கும் மனுவாகப் படித்திருக்கிறோம்.

‘கலப்பு’ என்ற சொல்லுக்குள் இருப்பது

இரு சாதிகளில் பிறந்தவர்களின் மணத்தை அரசுத் தாள்கள் ‘கலப்புத் திருமணம்’ என்கின்றன. இயக்கத்தார் ‘சாதி மறுப்புத் திருமணம்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பாலில் தண்ணீர் சேர்ந்தால் கலப்பு என்கிறோம், அரிசியில் கல் சேர்ந்தால் கலப்படம் என்கிறோம். ‘கலப்பு’ என்றதுமே, ஏதோ ஒன்று முன்பு சுத்தமாக இருந்து பிறகு கெட்டது என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது.

இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையே சண்டாளன் என்று வகுத்தது. அதாவது, தீண்டாமையையே ‘கலந்து பிறந்ததற்கான தண்டனை’ என்று கதை கட்டியது. அண்ணல் அம்பேத்கர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியைக் காப்பாற்றி வைத்திருப்பது அகமணமே என்று காட்டினார். லாகூர் மாநாட்டுக்காக எழுதிப் பேச முடியாமல்போய், 1936இல் அவரே நூலாக்கிய ‘சாதி ஒழிப்பு’ உரையில், சாதிகளுக்கிடையிலான திருமணமே உண்மையான மருந்து என்றார். அந்த மருந்தின் பலனாகப் பிறந்த பிள்ளையைத்தான் நம் விமர்சனங்கள் ‘பாதி’ என்று எழுதுகின்றன.

நம் பகுதியை எடுத்துக்கொள்வோம். திருத்தணி வட்டாரம் 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் அருந்ததியர் குடும்பங்கள் உண்டு. ஏரிக்கரைகளில் இருளர் வாழ்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. சிப்காட் ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நம் தெருக்களில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். ஒரே ஷிப்டில் வேலை செய்பவர்கள் பழகுவார்கள், சிலர் மணந்துகொள்வார்கள். இரண்டு மொழி, இரண்டு தெரு, சில வீடுகளில் இரண்டு மதம் கொண்ட பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். நாளை இவர்களைப் பற்றிய கதைகள் வரும். எழுதப்போவதும் இவர்கள்தான். அவற்றைப் பேச நமக்குச் சொற்கள் இருக்கின்றனவா?

தாளில் ஒன்று, வாழ்வில் ஒன்று

இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. அதன் ஆரோக்கியம், தலித் மக்களுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண். கத்தோலிக்கரும்கூட. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயும் படிக்கட்டு இருப்பதை அந்த நாவல் காட்டியதால், தலித் அறிவாளர் சிலரிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. இன்று திரும்பப் படித்தால், ஆரோக்கியத்தை ஒற்றைப் பெட்டிக்குள் வைக்கவே முடியாது என்று தெரிகிறது.

சட்டத்தின் கணக்கையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, முதலில் இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. ஆகவே தாளில் ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்று எழுதப்பட்ட ஒரு கதாபாத்திரம், தெருவிலும் கல்லறையிலும் தீண்டாமையைச் சந்திக்கலாம். சான்றிதழை மட்டும் பார்க்கும் விமர்சகருக்கு இந்த வாழ்க்கை கண்ணில் படாது.

ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வெளிவந்தது. அதில் தலித் தலைவர் காத்தமுத்துவின் வீட்டில், ஆதிக்க சாதியில் பிறந்த நாகமணியும் மனைவியாக இருக்கிறார். அந்தக் குடும்பத்தின் மகள் கௌரி எல்லாவற்றையும் பார்த்தபடி வளர்கிறாள். பிறகு சிவகாமி ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு நூல் எழுதினார். தன் நாவலைத் தானே விசாரித்தார்: ஏன் இவரை இப்படிக் காட்டினேன், எதை விட்டுவிட்டேன்? எழுதியவரே தன்னிடம் இவ்வளவு கேள்வி கேட்கும்போது, படிப்பவர்களாகிய நாம் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது நியாயமா?

நீதிமன்றம் கேட்ட கேள்வி

கதையை விட்டு வெளியே வந்தாலும் இதே கேள்விதான் துரத்துகிறது. ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மாலா சாதியில் பிறந்த தாய் ராதிகா, வட்டெரா குடும்பத்தில் வளர்ந்தவர். தந்தை வட்டெரா சாதியைச் சேர்ந்தவர். ஓர் இளைஞர் ஏன் அந்த முடிவுக்குத் தள்ளப்பட்டார் என்று பேச வேண்டிய நாட்டில், அவர் தலித்தா இல்லையா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2024 மே மாதம்கூட, அவர் பட்டியல் சாதியினர் அல்ல என்று தெலங்கானா காவல்துறை அறிக்கை வைத்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, மேலும் விசாரிப்போம் என்றது.

ஆனால் அதற்கு முன்பே, 2012 ஜனவரியில், ரமேஷ்பாய் தாபாய் நாய்க்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருந்தது. குஜராத்தைச் சேர்ந்த அவருடைய தாய் பழங்குடி, தந்தை ஆதிக்க சாதி. பிள்ளைக்குத் தந்தையின் சாதிதான் என்று முதலில் கருதலாம், ஆனால் அது முடிந்த முடிவல்ல என்றது நீதிமன்றம். அந்தப் பிள்ளை யாரிடம் வளர்ந்தது, தாயின் சமூகத்தார் படும் இழிவையும் இல்லாமையையும் தானும் பட்டதா, சுற்றியிருப்பவர்கள் அதை எப்படி நடத்தினார்கள் என்று பார்க்கச் சொன்னது. நம் ஊர்ப் பெற்றோரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நீதிமன்றமே ரத்தத்தை அளக்காமல் வாழ்க்கையைக் கேட்கிறது. நூல் விமர்சனம் எழுதுகிறவர் அதற்கும் கீழே இறங்கலாமா?

மூடி மறைப்பதும் தவறு

“அப்படியானால் சாதியைப் பற்றிப் பேசவே வேண்டாமா?” என்று கேட்கலாம். பேசித்தான் ஆக வேண்டும். தலித் வாழ்வைச் சொல்லும் நாவலை, “இது மனித நேயக் கதை, இதில் சாதி எங்கே வந்தது?” என்று தடவிக்கொடுக்கும் விமர்சனமும் நமக்குப் பழக்கம்தான். அது காயத்தின் மேல் துணியைப் போட்டு மூடுகிற வேலை. கிளறிப் பார்ப்பது ஒரு வன்முறை என்றால், மூடி மறைப்பது இன்னொரு வன்முறை.

கதை எதைப் பெயர் சொல்லிக் காட்டுகிறதோ, அதை நாமும் பெயர் சொல்லி எழுதுவோம். கதை எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறதோ, அது ஏன் என்று யோசிப்போம். துப்பறியப் போக வேண்டாம். ‘இவள் யார்?’ என்று தொடங்குவதைவிட, ‘இவளை யார் எப்படி நடத்துகிறார்கள்? இவள் அதற்கு என்ன செய்கிறாள்?’ என்று தொடங்கினால் கதை திறந்துகொள்கிறது. பாதி, கால், கலப்பு என்று மனிதரை அளக்கும் சொற்களை விடுவோம். ‘தாய் தலித், தந்தை இன்ன சாதி, மகள் தாயோடு வளர்ந்தாள்’ என்று நடந்ததை நடந்தபடி எழுதலாம். எழுத்தாளர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அப்படியே நாமும் குறிப்பிடுவோம். அவர் வெளியில் சொல்லாத பிறப்பைத் தேடி எடுத்துப் போட நமக்கு உரிமையில்லை. கதாபாத்திரத்தின் குழப்பத்தைக் குறையாகவும் எழுத வேண்டாம். இரண்டு தெருவுக்கும் நடந்து போகிற பிள்ளைக்குக் குழப்பம் இருக்கத்தான் செய்யும். அந்தத் தெருக்களைப் பிரித்து வைத்தது அந்தப் பிள்ளை அல்ல.

அமெரிக்காவிலும் ஒரு துளி கறுப்பின ரத்தம் இருந்தால் கறுப்பர்தான் என்று சட்டம் போட்ட காலம் இருந்தது. டென்மார்க் தாய்க்கும் கறுப்பினத் தந்தைக்கும் பிறந்த நெல்லா லார்சன், 1929இல் ‘பாஸிங்’ என்ற நாவலில், வெள்ளையராகக் கருதப்பட்டு வாழும் ஒரு பெண்ணின் அச்சத்தை எழுதினார். சொந்தப் பெயரை மறைத்து நகரத்தில் வாடகை வீடு தேடும் நம் பிள்ளைகளுக்கு அந்த அச்சம் புதிதல்ல.

கடைசியாக நம் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் இதே பகுதியில், ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றி எழுதும்போது, அதன் நாயகனை ‘பாதி தலித்’ என்று குறிப்பிட்டிருந்தோம். பாராட்டி எழுதியதுதான், ஆனாலும் சொல் தவறு. அதைத் திரும்பப் பெறுகிறோம்.

அந்த மாணவியிடம், ‘பூக்குழி’ பற்றி நீங்களே எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். “எங்க வீட்டுக் கதையையும் எழுதணுமா சார்?” என்றார். வேண்டாம், நாவலைப் பற்றி எழுதினால் போதும் என்றோம். வீட்டுக் கதையை எழுதுவதா வேண்டாமா, எப்போது, யாருக்கு என்பதெல்லாம் அவர் முடிவு செய்ய வேண்டியது.