உருவும் அருவும்: புதுக்கோட்டை மண்ணில் இரண்டன்மைத் தேடல்

சிவன்கோவிலுக்குள் நுழையும் ஒருவர் அங்கே காண எதிர்பார்ப்பவை சில உள்ளன. வாயிலைக் கடந்ததும் கொடிமரம், அதனை அடுத்துப் பலிபீடம், கருவறையை நோக்கிப் படுத்திருக்கும் நந்தி, உள்ளே ஆவுடையாரின்மீது நிற்கும் இலிங்கம். ஆகமங்கள் வகுத்த இவ்வமைப்பு தமிழகமெங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கியை அடுத்துள்ள ஆவுடையார்கோவிலில் இந்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போகிறது. அங்கே கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் ஆவுடையார் மட்டுமே உள்ளது. அதன்மேல் இலிங்கம் இல்லை. இறைவனின் பெயர் ஆத்மநாதர், அதாவது உயிர்களின் தலைவர். இறைவி யோகாம்பாளின் சன்னதியிலும் திருவுருவம் இல்லை; திருவடிகளே வழிபடப்படுகின்றன.

முதன்முறை செல்வோர் கருவறையை உற்றுநோக்கி, திரை விலகவில்லையோ என ஐயுறுவதுண்டு. திரை விலகித்தான் இருக்கிறது. காண்பதற்கு உருவம் ஒன்று இல்லை என்பதே அங்குள்ள காட்சி.

இவ்வூரின் பழம்பெயர் திருப்பெருந்துறை. பாண்டியன் அரிமர்த்தனனின் அமைச்சராக இருந்த திருவாதவூரர், அரசனுக்குக் குதிரை வாங்கக் கருவூலப் பொருளுடன் இவ்வழியே வந்தார் என்றும், குருந்த மரத்தடியில் அமர்ந்திருந்த ஆசிரியர் ஒருவரைக் கண்டு அவர்க்கே ஆட்பட்டார் என்றும், குதிரைப்பணம் கோவிற்பணியில் கரைந்தது என்றும் புராணங்கள் கூறும். அவரே பின்னாளில் மாணிக்கவாசகர் எனப் போற்றப்பட்டார். அவரை மாற்றியது பூசையோ வேள்வியோ அன்று. ஓர் ஆசிரியரின் அருகமைவு என்பதே இக்கதையின் உயிர்நாடி. இக்கோவில் விழாக்களிலும் மாணிக்கவாசகரே முதலிடம் பெறுகிறார். இறைவனுக்கு உருவமில்லாத ஊரில் அடியவரின் உருவமே வீதியுலா வருகிறது.

கற்பணியில் இக்கோவில் எளிமையானது என்று எவரும் எண்ணிவிடலாகாது. இதன் கொடுங்கைகள் மரத்தில் இழைத்தவைபோல் கருங்கல்லில் செதுக்கப்பட்டவை. ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக வேறெதனையும் செய்து தருவோம் எனப் பிற்காலச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதினர் என்னும் வழக்கு இன்றும் உண்டு. உருவங்களை வடிப்பதில் இத்துணைத் திறன் படைத்தோர் கருவறையை மட்டும் உருவமின்றி விட்டனர். அஃது இயலாமையால் விளைந்ததன்று, கொள்கையால் விளைந்தது.

இரண்டன்மை என்பது யாது?

உயிரும் இறையும் வேறு வேறா, ஒன்றா என்னும் வினா இந்தியச் சிந்தனையின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. இரண்டு அல்ல என்பார் கொள்கை 'அத்துவிதம்' எனப்படும். தமிழில் இதனை இரண்டன்மை எனலாம். ஆனால், 'இரண்டு அல்ல' என்ற சொல்லுக்குப் பொருள் கூறுவதில் அறிஞர்கள் வேறுபட்டனர். ஆதிசங்கரர் மரபினர், உள்பொருள் ஒன்றே என்றனர். குடத்துக்குள் அடைபட்ட வெளியும் புறத்தே பரந்த வெளியும் வேறுபோலத் தோன்றினும், குடம் உடைந்தால் வெளி ஒன்றே என்பது அவர்கள் காட்டும் உவமை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தைத் தந்த மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்திகளோ, இரண்டாகப் பிரிந்து நில்லாமையே அத்துவிதம் என்றனர். பொருள்கள் வேறாயினும் உடலும் உயிரும்போலக் கலப்பினால் ஒன்றாய் நிற்கும் என்பது அவர்கள் துணிபு. மாணிக்கவாசகரைச் சித்தாந்திகள் தம் மரபின் முதல்வருள் ஒருவராகக் கொள்வர். ஆவுடையார்கோவில் திருவாவடுதுறை ஆதீனத்தின் மேற்பார்வையில் உள்ளது. எனவே, உருவமில்லாக் கருவறையைக் கண்டதும் அதனைச் சங்கரர் கொள்கைக்குச் சான்றாகக் கொள்வது அவசர முடிவாகும். பிணக்குடைய இவ்விரு மரபும் புற உருவம் முடிவான உண்மையன்று என்பதில் மட்டும் உடன்படுகின்றன.

அக்கொள்கை ஒருவர் வாழ்க்கையாகவே மாறியதை அறிய, இதே மாவட்டத்தின் திருவரங்குளத்துக்குச் செல்லவேண்டும்.

வாய்மூடிய அறிஞர்

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் முதலாம் சகசி, கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூரை 1693ஆம் ஆண்டு அறிஞர் பலருக்கு மானியமாக வழங்கினார். இலக்கணமும் தருக்கமும் மீமாம்சையும் தெருத்தோறும் முழங்கிய ஊர் அது. அங்குக் கற்றவருள் ஒருவர் சதாசிவர். வாதத்தில் எதிரிகளை மடக்குவதில் வல்லவர். அவருடைய நா வன்மையைப் பற்றிப் பலர் முறையிட, எப்போது நீ வாயடக்கக் கற்பாய் என ஆசிரியர் பரமசிவேந்திரர் வினவினார் என்றும், அந்நொடியிலிருந்தே சதாசிவர் வாழ்நாள் முழுதும் பேச்சைத் துறந்தார் என்றும் கூறுவர். ஆடையும் துறந்து, காவிரிக்கரையிலும் காடுகளிலும் திரிந்தார். படைமுகாம் ஒன்றில் புகுந்தபோது ஒருவன் அவர் கையை வெட்டியதாகவும், அதனை உணராமல் அவர் நடந்துகொண்டே இருந்ததாகவும் வழங்கும் கதை பலரும் அறிந்தது. இத்தகைய கதைகளை வரலாறாகக் கொள்வதினும், ஒரு காலத்து மக்கள் அவரை எவ்வாறு கண்டனர் என்பதற்குச் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

அவர் கல்வியை வெறுத்தவர் அல்லர். பிரம்மசூத்திரத்துக்கும் யோகசூத்திரத்துக்கும் உரை வரைந்தார். அவர் பெயரால் வழங்கும் வடமொழிக் கீர்த்தனைகள் இன்றும் இசையரங்குகளில் பாடப்படுகின்றன. அவர் துறந்தது நூலை அன்று. நூலறிவால் வரும் வெற்றியை.

புதுக்கோட்டையை 1730 முதல் 1769 வரை ஆண்டவர் விஜயரகுநாதராயத் தொண்டைமான். அவர் திருவரங்குளக் காட்டில் சதாசிவரைக் கண்டு பணிந்து அறிவுரை வேண்டினார். பேசாத துறவி மணலில் விரலால் எழுதிக் காட்டினார். மன்னர் அம்மணலை அள்ளிச் சென்று அரண்மனையில் வைத்தார்; அரண்மனை வளாகத்துத் தட்சிணாமூர்த்தி கோவிலில் அது வழிபடப்பட்டு வந்தது. சமத்தான வரலாறு இந்நிகழ்ச்சியை 1738ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்தும். துறவி சுட்டிய கோபாலகிருஷ்ண சாத்திரியாரை மன்னர் குருவாக ஏற்றார். நவராத்திரி விழாவும், அவ்விழாவில் வழங்கப்பட்ட பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசும் இக்காலத்தோடு இணைத்துப் பேசப்படுகின்றன.

இதில் உள்ள முரண் கருதத்தக்கது. எழுத்தைத் தாங்கிய மணல் காற்றில் கலைவது. எழுதியவர் அது கலையட்டும் என்றே எழுதியிருக்கக்கூடும். ஆனால் அதுவே பேழைக்குள் புகுந்து பூசைப்பொருளாயிற்று. உருவைக் கடந்தவரின் கைப்பட்டதும் ஓர் உருவாயிற்று. மன்னரைக் குறைகூற இடமில்லை. ஓர் அரசை நடத்துபவர்க்கு விழாவும் காசும் குடிகள் கூடும் இடமும் வேண்டும்; மௌனத்தைக் கொண்டு அரசு நடத்த இயலாது. சடங்கு பெரும்பாலும் இவ்வாறே பிறக்கிறது. அன்பில் தொடங்கி, நினைவைக் காக்கும் பெட்டியாகிறது. பின்னர்ச் சில இடங்களில் பெட்டிக்குப் பூட்டும் வந்துவிடுகிறது.

பூட்டிய கதவுகள்

பூட்டு யார்மீது விழுந்தது என்பதே இங்கு உண்மையான சிக்கல். சதாசிவரின் காலத்தவரான திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள் பற்றிய மரபுக்கதை ஒன்று உண்டு. தந்தைக்குத் திதி கொடுக்கும் நாளில், பசியால் வாடி வந்த தாழ்த்தப்பட்டோர் ஒருவருக்கு, அந்தணர்க்கென வைத்திருந்த உணவை அவர் அளித்தார். ஊரார் அதனைக் குற்றமெனக் கொண்டு, கங்கையில் நீராடி வந்தாலன்றித் திதிக்கு வாரோம் என்றனர். அவர் வேண்ட, அவர் வீட்டுக் கிணற்றிலேயே கங்கை பொங்கியது என்பர். கார்த்திகை அமாவாசையன்று இன்றும் அக்கிணற்று நீரில் மக்கள் நீராடுகின்றனர். நீராடுவோரிடையே கிணறு பொங்கிய அதிசயமே மிகுதியும் பேசப்படுகிறது. பசித்தவரைப் பற்றிய பேச்சுக் குறைவு.

ஐயாவாளைக் குற்றம் சாட்டியோரும் அத்துவித நூல்களைக் கற்றவர்களே. எல்லா உயிரும் ஒன்று என்பதை அவர்கள் மறுத்திலர். அந்த உண்மை அறிவுக்கு உரியது, நடைமுறைக்கு அன்று எனப் பிரித்து வைத்தனர். இப்பிரிவினையால் தத்துவம் மாசின்றி இருந்தது. கோவில் கதவும் மூடியே இருந்தது. அக்கதவைத் திறக்கத் தத்துவம் போதவில்லை. 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். 1947இல் சென்னை மாகாணக் கோவில் நுழைவு உரிமைச் சட்டம் வந்தது. ஆவுடையார்கோவில் பகுதி அப்போது தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதே அதனுடன் இணைந்தது. உருவமற்ற இறைவனை முன்வைத்த மண்ணிலும் உடம்பின் பிறப்பை நோக்கி உரிமை அளந்த காலம் நெடிது.

ஆவுடையார்கோவிலில் ஒரு வழக்கம் இன்றும் தொடர்கிறது. வடித்த புழுங்கலரிசிச் சோற்றைக் கருவறையின் முன்னுள்ள படைகல்லின்மேல் சுடச்சுடக் கொட்டிப் பரப்புவர். உடன் கீரையும் பாகற்காயும் இடம்பெறும். இறைவனுக்கு உரியது சோறு அன்று, அதிலிருந்து எழும் ஆவி என்பது அங்குள்ளோர் கூறும் விளக்கம். கல்லின்மேல் எழும் ஆவி சிறிதுநேரம் கருவறை வாயிலை மறைத்துப் பின் கலைகிறது. சோறு எடுக்கப்படுகிறது, கல் கழுவப்படுகிறது.