குடுவைச் செடி நலிவது ஏன்?

பூச்சியுண்ணும் தாவரங்கள் நம் நாட்டில் பல உள்ளன. ஈரப் புல்வெளிகளில் வளரும் அழுகண்ணி என்னும் ட்ரோசிராவும், குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் காணப்பெறும் யுட்ரிகுலேரியாவும் அவற்றுள் அடங்கும். எனினும் காண்போரைப் பெரிதும் கவர்வது மேகாலயக் குன்றுகளுக்கு உரிய நெப்பந்திஸ் காசியானா என்னும் குடுவைச் செடியே. இதன் இலைநுனி பற்றுக்கம்பியாக நீண்டு, அதன் முனையில் மூடியுடன் கூடிய குடுவை ஒன்று தொங்கும். காரோ மக்கள் இதனை 'மேமாங் கோக்சி' என்பர்; பேயின் கூடை என்பது பொருள்.

சுரங்கத் தொழிலாலும், காடழிப்பாலும், செடிகளைத் தோண்டி விற்போராலும் இச்சிற்றினம் அருகி வருகின்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் காப்புப் பெற்ற தாவரங்களுள் ஒன்றாகக் கொள்கின்றது. ஆதலின் தாவரத் தோட்டத்திலோ கல்லூரியின் பசுமைக்குடிலிலோ ஒரு செடி மடிந்தால், அதற்கு ஈடாகக் குன்றிலிருந்து மற்றொன்றைக் கொணர்தல் இயலாது, கொணர்தலும் தகாது. தொட்டியில் வளர்க்கப்படும் செடிகள் பெரும்பாலும் நோயினால் மடிவதில்லை. வளர்ப்போர் அன்புடன் இடும் உரத்தாலும் ஊற்றும் நீராலுமே மடிகின்றன.

இதன் காரணத்தை அறியச் செடியின் இயற்கை வாழ்விடத்தை நோக்குதல் வேண்டும். மேகாலயத்தில் பெய்யும் பெருமழை, மண்ணில் உள்ள சத்துகளைக் கரைத்துக் கொண்டு போய்விடுகின்றது. எஞ்சுவது அமிலத்தன்மை வாய்ந்த வறிய மண். அதில் கிட்டாத நைட்ரஜனைச் செடி பூச்சிகளின் உடலிலிருந்து பெறுகின்றது. ட்ரோசிராவின் இலைகள் நைட்ரஜன் உள்ள பொருள்களைச் செரித்து ஏற்பதை டார்வின் 1875இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். இத்தகைய செடியின் வேர்கள் வளமான மண்ணுக்குப் பழகியவை அல்ல. செடி வெளிறியதும் தொழுவுரம் இடுவது நம் தோட்டக்காரர்களின் வழக்கம். ரோஜாவுக்கு அது மருந்து. குடுவைச் செடிக்கோ நஞ்சு.

முதலில் ஆராய வேண்டியது நீர். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பூச்சியுண்ணும் தாவரங்களுக்கோ 50 மில்லிகிராமுக்கு உட்பட்ட நீரே நன்று. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீரை நாள்தோறும் அரை லிட்டர் ஊற்றுவதாகக் கொள்வோம். அது வடிந்தோடாது தொட்டியிலேயே உலருமாயின், முப்பது நாளில் நான்கரை கிராம் உப்பு சேர்ந்துவிடும். கலவையின் மேற்பரப்பிலும் தொட்டியின் விளிம்பிலும் வெண்படலம் தோன்றி, இலை நுனிகள் பழுப்பாகிக் கருகுவது இதன் அறிகுறியாகும். நீரைக் காய்ச்சி ஆறவைப்பதால் உப்புகள் முழுதும் நீங்கா. மழைநீரும் வாலைநீரும் சிறந்தவை. வீட்டுச் சுத்திகரிப்புக் கருவிகளுள் சில, சுவைக்காகத் தாது உப்புகளை மீண்டும் சேர்ப்பன. அவற்றின் நீரை அளந்து பார்த்த பின்னரே பயன்படுத்துதல் நலம்.

அடுத்தது கலவை. ஸ்பாக்னம் பாசியுடன் பெர்லைட், மரக்கரித் துண்டு, மரப்பட்டைச் சில்லு ஆகியவற்றைக் கலந்து இட்டால் நீரும் காற்றும் வேர்களுக்கு ஒருங்கே கிட்டும். பாசி கிடைக்காத இடங்களில் தென்னை நார்க்கழிவு பயன்படுகின்றது. ஆனால் உவர்நீரில் ஊறிய மட்டையின் கழிவில் சோடிய உப்பு மிகுந்திருக்கும். அதனை நீக்கும்பொருட்டுக் கால்சியம் நைட்ரேட்டில் கழுவப்பட்ட நார்க்கழிவும் சந்தையில் உண்டு. காய்கறிப் பயிருக்கு அது ஏற்றதாயினும் இங்கு ஆகாது. எவ்வகைக் கழிவாயினும் மழைநீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்த பின்னரே இடுதல் வேண்டும். மணலைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு பிடி மணலில் சிறிது வினிகர் விட்டால் நுரை பொங்குமாயின் அதில் சுண்ணாம்பு உள்ளது, அம்மணலை விலக்குக.

எல்லாப் பூச்சியுண்ணும் தாவரங்களுக்கும் ஒரே முறை என்று எண்ணுவதும் கேடு தருவதே. சதுப்பில் வாழும் ட்ரோசிராவின் தொட்டியை நீருள்ள தட்டில் வைக்கலாம். நெப்பந்திஸ் குன்றுச் சரிவில் வளர்வது. அதன் தொட்டியில் நீர் தேங்கினால் காற்றின்றி வேர் அழுகும். கலவை ஈரமாக இருந்தும் செடி துவண்டால் வேரைப் பார்த்தல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: நெப்பந்திஸின் நல்ல வேர்களும் கருநிறமாகவே இருக்கும். கருமையைக் கண்டதும் அழுகல் எனக் கொண்டு வெட்டுவது தவறு. விரலால் தொட்டால் உறுதியாக இருப்பது நல்ல வேர். குழைந்து நாறுவது அழுகிய வேர். பாசியும் ஓரிரு ஆண்டுகளில் மட்கிச் சேறுபோல் இறுகிவிடும் ஆதலின், அதனை உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும். மாற்றும்போது வேர்த்திரளைக் கலைத்தல் கூடாது. வேர்கள் எளிதில் முறிவன.

இலை பசுமையாக இருந்தும் குடுவை தோன்றாமை மற்றொரு குறை. வறண்ட காற்றும் ஒளிக் குறைவுமே பெரும்பாலும் இதற்குக் காரணங்கள். கலவையில் நைட்ரஜன் மிகுந்தாலும் குடுவைகள் குறையும். இடம் மாற்றியபின் சில குடுவைகள் காய்வதும், முதிர்ந்த அடியிலைகள் மஞ்சளிப்பதும் இயல்பே, அஞ்ச வேண்டுவதில்லை. இலைக்கக்கங்களில் மாவுப்பூச்சி காணின், ஈரத் துணியால் துடைத்து நீக்கலாம்.

வேர் முழுதும் அழுகிய செடியையும் கைவிட வேண்டுவதில்லை. தண்டின் மேற்பகுதி பசுமையாக இருப்பின், இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, கழுவிய ஈரப் பாசியில் நட்டு, கண்ணாடிக் கவிப்பின் கீழ் நிழலில் வைக்க வேண்டும். சில வாரங்களில் புதுத் தளிர் எழக்கூடும். வேரூன்ற அதனினும் காலம் பிடிக்கும். இச்செடியில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு என்பதையும் கருதுதல் வேண்டும். ஒரு செடியின் துண்டுகள் அனைத்தும் ஒரே பாலினவாகவே வளரும். ஆதலின் விதை பெற விரும்பும் தோட்டங்கள் இருபாற் செடிகளையும் தனித்தனியே அடையாளமிட்டு வளர்த்தல் இன்றியமையாதது.