பழைய மொறிஸ் மைனர் கொதிக்கிறதா?

வடக்கில் பல வீட்டு முற்றங்களில் மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் காரோ இன்னும் நிற்கிறது. உழைக்கும் ஆண்துணையை இழந்த குடும்பத்துக்கு அது ஓடினால் வருமானம். நடுவழியில் கொதித்து நின்றால் அன்றைய ஹயர் போய், கராச் செலவும் வந்து சேரும்.

1948 தொடக்கம் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மைனர் இலேசில் சாகாது. 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இவை. அன்று மாற்றிவைத்த தீப்பொறி நேரம் பின்னர் சரிசெய்யப்படாவிட்டால், அதுவும் எஞ்சினைச் சூடாக்கும். மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

மன்னாரில் பெரிய எதிரி தண்ணீர்தான். தீவில் பல கிணறுகள் உவர். அந்த நீரை றேடியேற்றரில் ஊற்றினால், கேத்தலின் அடியில் பிடிப்பதுபோல உள்ளே படிவு பிடிக்கும். உப்பு இரும்பை அரிக்கும். கொதிக்கவைத்து ஆற்றினாலும் உப்பு போகாது. மழைநீரைப் பிடித்து வையுங்கள், சகோதரிகளே. இல்லாவிட்டால் பற்றரிக்கு விடும் தண்ணீர் நல்லது. கூலன்ற் கலந்தால் மேலும் நல்லது. அடைப்பைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஓடி வந்து எஞ்சினை நிறுத்தியபின் றேடியேற்றரின் முன்புறம் கையை அருகே பிடித்துப் பாருங்கள். சில இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. முகப்பில் ஒட்டிய செம்மண்ணையும் பூச்சிகளையும் அடிக்கடி கழுவுங்கள்.

பல மைனர்களில் வெப்பமானி இல்லை. ஆனால் ஓடும்போது சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ற்தான், அது அறுந்திருக்கலாம். மேலதிகமாக ஒரு பெல்ற் வண்டியில் கிடக்கட்டும்.

ஆவி வந்தால் நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பொனற்றைத் திறந்து அரை மணித்தியாலமாவது பொறுங்கள். ஹயர்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். ஆறியபின் தடித்த துணியால் பிடித்து மெல்லத் திருகுங்கள். கொதித்த எஞ்சினில் குளிர்நீர் ஊற்றினால் வெடிப்பு விழக்கூடும். யாருக்காவது சுட்டுவிட்டால் 20 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஓடவிடுங்கள். பற்பசை பூச வேண்டாம்.

ஒழுக்கு இல்லாமலே தண்ணீர் நாளாந்தம் குறைந்து, எஞ்சின் ஒயில் மோர்போல வெளுத்திருந்தால் ஹெட் கஸ்கற் போயிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துக் கராச்சுக்குக் கொண்டுபோவதே செலவு குறைவு.