லாட்டரி இல்லை, டை பிரேக்கர்

சம்பா அறுத்த வயல், ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் வரை பந்து உதைக்கிற பிள்ளைகளுக்குத்தான். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துத் தொடர் போட்டிகளில் பொழுது சாய்கிற நேரத்தில் ஆட்டம் சமன் என்றால் கூடுதல் நேரமெல்லாம் கிடையாது. நேரே டை பிரேக்கர். தோற்ற ஊர்க்காரர்கள் வண்டி ஏறும்போது, “லாட்டரிதாம்ப்பா, வேற என்ன?” என்பார்கள். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-இலேயே தடை செய்தாயிற்று; இந்தச் சமாதானம் மட்டும் போகவில்லை.

டை பிரேக்கர் லாட்டரிதானா? மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியைப் பாருங்கள். 1989, 1994 இறுதிகளில் கேரளத்தைப் பெனால்டியில் வீழ்த்தியது வங்காளம். 2018 ஏப்ரல் 1-இல் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் மறுபடி அதே இரண்டு அணிகள். 117-ஆவது நிமிடத்தில் விபின் தாமஸ் கோலடிக்க, கேரளம் 2-1. ஆட்டம் முடிகிற தறுவாயில் தீர்த்தங்கர் சர்க்கார் ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். சொந்த மண், கடைசி நிமிட கோல், தெம்பெல்லாம் வங்காளத்தின் பக்கம். ஆனால் டை பிரேக்கரில் அவர்களுடைய முதல் இரண்டு உதைகளையும் கேரள கோலி மிதுன் தடுத்துவிட்டார். 4-2.

பெனால்டிக்கான தூரம் 11 மீட்டர். ஓங்கி உதைத்தால் அரை வினாடிகூட ஆகாது. பந்தைப் பார்த்தபின் பாய நேரமில்லை. உதைப்பவரின் ஊன்றுகாலையும் இடுப்பையும் படித்தாக வேண்டும். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை அலசினார்கள். நடுவிலேயே நின்றால் தடுக்கும் வாய்ப்பு கூடுதலாம். ஆனால் கோலிகள் அப்படி நின்றது நூற்றுக்கு ஆறு தடவைதான். பாய்ந்து கோல் வாங்கினால் ஊர் மன்னிக்கும், சும்மா நின்று வாங்கினால் ஏசும். பயம் அது.

உதைப்பவர் பக்கமும் உண்டு. 2022 மே 2, மஞ்சேரி. அதே சந்தோஷ் டிராபி இறுதி, அதே இரண்டு அணிகள். கூடுதல் நேரத்தில் வங்காளத்துக்குத் திலீப் ஓராவ்னும், கேரளத்துக்கு சஃப்நாதும் தலையால் முட்டி 1-1. பெனால்டியில் கேரளத்தின் ஐந்து பேரும் குறி தவறவில்லை. வங்காளத்தின் சஜல் பாக் உதைத்தது மட்டும் வெளியே போனது. 5-4. அன்று எந்த கோலியும் எதையும் தடுக்கவில்லை. பதறாமல் உதைத்தவர்களுக்குக் கோப்பை.

நம் வயல்வெளி அணிகள் பெனால்டிக்கென்று தனியாக உதைத்துப் பழகி நான் பார்த்ததில்லை. கோலியாக நிறுத்துவதும் பெரும்பாலும் ஓட முடியாத ஆளைத்தான்.