காரைத் தாழ்த்தும் முன்: சஸ்பென்ஷன் மாற்றுவோர் கவனத்துக்கு

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியாச்சு. வளைவில் சாயாமல், தரையோடு ஒட்டி ஓட வேண்டும் என்ற ஆசையில் பலரும் அடுத்து தேடுவது வெளிச்சந்தை சஸ்பென்ஷன் கிட். ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே குழாயில் அமைந்து, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய 'காயில்ஓவர்' வகைதான் இதில் பிரபலம்.

வாங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. "இதையெல்லாம் யாருங்க கேக்கப் போறாங்க?" என்பார் கடைக்காரர். அபராதம் கட்டப்போவது அவர் இல்லை. கிட்டின் விவரத்தோடு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடிதம் கொடுங்கள். மாற்றத்தை மறைத்திருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது அதுவே தடையாக நிற்கலாம்.

எவ்வளவு தாழ்த்துவது? 165 மில்லிமீட்டர் தரை இடைவெளி உள்ள காரை 40 மில்லிமீட்டர் இறக்கினால் மிச்சம் 125. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடையின் உயரம் 100 மில்லிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம்ம தெருவில் இருக்கும் குறுகலான, செங்குத்தான மேடுகள் இந்த அளவில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நாலு பேர் ஏறினால் வண்டி இன்னும் இறங்கும். சாலையில் ஓடும் காருக்கு 20, 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்குவது வீண் வம்பு.

பொருத்தும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது, ஸ்டாண்டு அவசியம். பழைய ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது, ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் மேல் நட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் குண்டு மாதிரிப் பாயும், உயிரே போகலாம். பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். வயரையும் முதலில் கழற்றிவிட வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது ரப்பர் புஷ்ஷில்தான். சக்கரம் தொங்கும் நிலையில் கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை முதலில் லேசாக மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும். அதுவும் டார்க் ரெஞ்ச் கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு.

அடுத்து உயரம். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளங்கள். வண்டி சமதளத்தில் நிற்கணும், டயர் காற்று சரியாக இருக்கணும். பிறகு வீல் அலைன்மென்ட். தாழ்த்தினால் கேம்பர் உள்பக்கம் சாயும், டோ மாறும். கவனிக்காமல் விட்டால் டயரின் உள் விளிம்பு சில மாதத்திலேயே தேய்ந்துவிடும். ஹெட்லைட் விழும் கோணத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள், இதை யாரும் தானாகச் செய்வதில்லை.

டேம்பரை நன்றாகத் தளர்த்திய நிலையிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குப் பழகிய ஒரே சாலையில், ஒரே மிதமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு மேட்டைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால், அடுத்தடுத்த குழிகளில் ஸ்பிரிங் விரிய நேரம் இல்லாமல் வண்டி படிப்படியாக அமுங்கி, டயர் பிடிமானம் போகும். நிறைய பேர் இந்த விறைப்பைத்தான் 'ரேஸ் ஃபீல்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்! எல்லையைச் சோதித்துப் பார்க்கணும்னா இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. பொதுச்சாலை அதற்கான இடமல்ல.

சில நாள் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி சரிபாருங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங், டேம்பரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டி ஆய்வுக்குப் போகும். அன்றைக்குத் திரும்ப மாட்ட அவை தேவைப்படலாம்.